நாலு விரல்

வளைகுடா நாட்டின் ருவைஸ் தொழிலாளர் கேம்பில் சேப்டி ஆபீசரான வில்பிரட், கம்பெனி விழாவில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். போட்ட பிறகுதான் உற்றுப் பார்த்தார். பதறிப் போய் ஒர்க்‌ஷாப் தொழிலாளி அம்மையப்பனைக் கூப்பிட்டார்.

"என்னடே இது? எல்லாரும் டாட்டா காட்டுறாங்க. நீ மட்டும் நாலு விரலைக் காட்டிக்கிட்டு நிக்கிற!"

"நானும் டாட்டாதான் சார் காட்டுனேன்."

"கட்டை விரலை மடக்கி நாலு விரலைக் காட்டினா, இந்த நாட்டுல தடை பண்ணின ஒரு இயக்கத்துக்க அடையாளமாக்கும். போலீஸ் பார்த்தா உனக்கு ஜெயிலு, எனக்கு ஊருக்கு டிக்கெட்டு!"

"அய்யோ, அந்த இயக்கமெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

"இனி கையை ஆட்டினா அஞ்சு விரலும் தெரியணும். எங்க, இப்ப காட்டு!"

அம்மையப்பன் கையை நன்றாக விரித்தான். நாலுதான் இருந்தது.

"அஞ்சாவது நம்ம இரும்பு அறுக்குற கிரைண்டர்ல போயிருச்சே சார். இந்த வருஷம் ரம்ஜானுக்கு முன்னாடி நீங்கதானே 'சின்னக் கீறல்'னு ரிப்போர்ட் எழுதுனீங்க?"

வில்பிரட் மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். அந்தக் கைக்கு நேர் மேலே பேனர் பளபளத்தது: 'விபத்தே இல்லாத ஆண்டு!'

அவசர அவசரமாகப் போட்டோவை அழித்தார். சட்டத்துக்கு அவ்வளவு பயந்த மனிதர்.