கீல் சட்டி

ஊர் உலகமெல்லாம் வெள்ளத்தில் முழுகிவிட்டது. மிச்சமிருந்த உயிர்கள் ஒரே பேழைக்குள் இருந்தன. அதன் அடிப்பலகையைத்தான் கரையான் அரித்துவிட்டது. தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

“எஜமானிடம் சொல்லப்போகிறேன்” என்றது கரையான்.

“பைத்தியமா உனக்கு? தூக்கி வெள்ளத்தில் போட்டுவிடுவார்” என்றது பக்கப் பலகையில் முதுகை ஒட்டி நின்ற மரங்கொத்தி. “கேட்டால் மழைச் சாரல் என்று சொல்லிக்கொள்ளலாம்.”

“நாம் சாகக் கூடாதென்றுதானே ஏற்றிக்கொண்டார்? அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?”

கரையான் நேராக எஜமானின் காலடிக்குப் போனது. “ஐயா, பசி தாங்காமல் அடிப்பலகையை அரித்தது நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். முதலில் வந்து ஓட்டையை அடைத்துவிடுங்கள்.”

எஜமானின் முகம் சிவந்தது. ஆனால் கை கீல் சட்டியைத்தான் எடுத்தது.

“இடத்தைக் காட்டு.”

தார் போன்ற கீலைக் காய்ச்சி ஊற்றி ஓட்டையை அடைத்தார். பிறகு ஒரு விறகுத் துண்டைக் கரையானுக்கு முன்னால் போட்டார். “இனிமேல் பசித்தால் இதைத் தின்னு.”

அவர் சட்டியோடு திரும்பியபோது, அவ்வளவு நேரம் முதுகால் மறைத்திருந்த பலகையை விட்டு மரங்கொத்தி மெல்ல நகர்ந்தது.

“ஐயா, கீல் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?”