பூனையின் ஈறு

"டாக்டர், கொஞ்ச நாளா இதுக்கு வாய் நாறுது. பாலைக்கூடத் தொட மாட்டேங்குது." எடமலைப்பட்டி புதூரிலிருந்து கூடையில் கொண்டுவந்த பூனையை மேஜையில் விட்டாள் இருதயமேரி.

கால்நடை டாக்டர் விக்டர் அதன் வாயைத் திறந்தார். "ஈறு வீங்கியிருக்கு. பல்லிடுக்குல என்னமோ சிக்கியிருக்கு, பிடிச்சுக்குங்க. குவைத் போன உங்க வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் லெட்டர் போட்டாரா?"

"இன்னும் இல்லீங்க."

இடுக்கியில் வந்தது, கத்தோலிக்கர்கள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியும் புனிதத் துணியான உத்தரியத்தின் ஒரு துண்டு. அதில் சிவப்பு நூலில் 'ஸ்தனி' என்று தைத்திருந்தது.

"இது உங்க வீட்டுக்காரரோடதாச்சே! குளிக்கிறப்பகூடக் கழட்ட மாட்டாரே?"

"கொல்லையில தோண்டாதேன்னா இது கேட்டாத்தானே!" பூனையின் தலையைத் தடவினாள். "செத்தாலும் அதைக் கழட்டக் கூடாதும்பார், டாக்டர். அதான் கழுத்தோடவே விட்டுட்டேன்."