பின்னால் நடந்த ராஜாக்கள்

ஃப்ரிட்ஜ் மேல இருந்த மூணு ராஜா பொம்மைகளை எடுத்து அப்பா சாப்பாட்டு மேஜையில வைக்கும்போது, அம்மா கையும் களவுமா பிடிச்சுட்டாங்க.

"பெத்த பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துறதுக்கு அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

அப்பா பேப்பரைப் பிரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டார். அம்மா ராஜாக்களைத் தூக்கிட்டுப் போய்த் தையல் மிஷின் மேல வச்சாங்க. ஃப்ரிட்ஜுக்கும் ஒரு நாள் பின்னாடி!

விஷயம் இதுதான். எங்க வீட்டுக் குடில்ல கிறிஸ்துமஸ் அன்னைக்கு ராஜாக்கள் இருக்க மாட்டாங்க. குழந்தை இயேசுவைப் பார்க்க அவங்க தூர தேசத்துலேர்ந்து வரணும் இல்லையா? வாசல்ல செருப்பு ஸ்டாண்டுல கிளம்பி, டிவி மேஜை, தையல் மிஷின், ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேஜைன்னு தினமும் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில குடிலுக்குள்ள நுழைவாங்க. ஒரு கும்பிடு போட்டுட்டு எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில கட்டி மேல ஏத்திட்டா, அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் முடிஞ்சுது.

இந்த வருஷம் மூணு பேரும் வந்து சேர்ற வழியாவே இல்லை. காலையில அப்பா முன்னால தள்ளுவார். சாயங்காலத்துக்குள்ள அம்மா பின்னால இழுத்துடுவாங்க. நான் யார் பக்கமும் பேசலை. பேசினா வாங்கிக் கட்டிக்கிறது நான்தான்.

எல்லாம் அண்ணனாலதான். ராஜாக்கள் வந்ததும் கிளம்புறேன்னு சொல்லியிருந்தான். கடல் நடுவுல எண்ணெய் எடுக்கிற மேடையில அவன் சமையல்காரன். வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைச்சது இந்த ஒரு தடவைதான். பண்டிகை முடிஞ்சதும் வந்துடுங்க, என்னைக்குன்னு சொன்னா படகு ஏற்பாடு பண்றோம்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பியிருந்தாங்க.

அவன் இருந்தாலே வீடு நிறைஞ்சுடும். சின்ன வயசுல, ராஜாக்களோட வர்ற ஒட்டகத்துக்குத் தாகம் எடுக்கும்னு பாட்டில் மூடியில தண்ணி வைப்பான். அந்த ஈரத்துல ஊறி, மண் ஒட்டகத்துக்கு ஒரு கால் கரைஞ்சே போச்சு. இன்னைக்கும் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்துத்தான் நிக்க வைக்கிறோம். இந்தத் தடவையும் கழுதை மாதிரி வளர்ந்தவன் மூடியில தண்ணி வச்சான். அம்மா அதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

அப்பாவும் அதே மேடையில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்தான். எங்க சின்ன வயசுல பாதிக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுல இருந்ததில்லை. மாத்து ஆள் இன்னும் வரலை, அதனால விட மாட்டேங்கிறாங்கன்னு ஃபோன் பண்ணுவார். அப்பா வரட்டும்னு ராஜாக்களைச் செருப்பு ஸ்டாண்டுலயே நிறுத்தி வச்சிருப்போம். முகம் தெரியாத அந்த மாத்து ஆளை அம்மா திட்டாத திட்டு கிடையாது.

அன்னைக்கு அம்மா ஒரு முடிவோடதான் இருந்தாங்க. காய்ச்சல்னு சொல்லிடு, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போன்னு அண்ணன்கிட்ட ஆரம்பிச்சாங்க. அண்ணன் தலையைச் சொறிஞ்சான். அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்ல அவனுக்கு என்னைக்குமே வராது. ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டா நீங்களே சொல்லிக்கங்கம்மான்னு ஃபோனைக் கொடுத்துட்டு, துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டான்.

அப்பா பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, "வேண்டாம்" னார்.

"கல்லு. உங்க மனசு சுத்தக் கல்லு."

அம்மா கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள ஃபோன் அடிச்சுது. தெரியாத நம்பர். அம்மாவுக்கு ஸ்பீக்கர் போடாம பேச வராது. சோகமா ஒரு குரலை வரவழைச்சுக்கிட்டாங்க.

"நான் அவனோட அம்மா பேசுறேங்க. பாவம், பிள்ளைக்கு..."

"வணக்கம்மா." ஒரு பொண்ணோட குரல். "உங்க பையனுக்குப் பதிலா எங்க வீட்டுக்காரர்தான் அங்க சமையலைப் பார்த்துக்கிறார். தம்பி என்னைக்குக் கிளம்புறாருன்னு கேக்கலாம்னு..."

அம்மா ஃபோனை இன்னும் கிட்டக் கொண்டு வந்தாங்க.

"அவசரமில்லைம்மா. நீங்க ரொம்ப வருஷம் கழிச்சு சேர்ந்திருக்கீங்கன்னு அவர்தான் சொன்னார். எங்க சின்னப் பொண்ணுதான், அப்பா வந்து தூக்கிப் பிடிச்சாத்தான் ஸ்டார் மாட்டுவேன்னு ஒரே அடம். எங்க வீட்டுல இன்னும் கிறிஸ்துமஸே ஆரம்பிக்கலை. அதான் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைக்கு என்னமோன்னு சொல்ல வந்தீங்களே, உடம்புக்கு முடியலையாம்மா? அப்படின்னா நல்லா ஆனதும் வரட்டும்" னாங்க.

அம்மா என்னைப் பார்த்தாங்க. அப்பாவைப் பார்த்தாங்க. அவர் ஏன் இத்தனை நாளும் ராஜாக்களைத் தள்ளிக்கிட்டே இருந்தார்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

"ஒண்ணுமில்லைம்மா, அவன் நல்லாத்தான் இருக்கான். நாளைக்குக் கிளம்புறான்."

அம்மா ஃபோனை வச்சாங்க. உள்ளே அண்ணன் கட்டைக் குரல்ல பாடிக்கிட்டே குளிச்சுக்கிட்டு இருந்தான். அவன் பெட்டியை எடுத்துத் துடைச்சு வைன்னு என்கிட்ட சொன்னாங்க. அப்புறம் தையல் மிஷின் மேல இருந்த மூணு பேரையும் ஒரே அள்ளா அள்ளிட்டு வந்து, குடிலுக்குள்ள வரிசையா நிக்க வச்சாங்க.

அப்பா பேப்பரை மடிச்சார்.

"என்னடி, இன்னைக்கே வந்துட்டாங்க?"

அம்மா திரும்பாமலே சொன்னாங்க.

"இவங்க இன்னொரு வீட்டுக்கும் போகணுமாம்."