பின்கோடுக்குப் பூட்டு

"வியாசர்பாடியா? பூட்டைப் போடு. புளியந்தோப்புக்கும் சேத்துப் போடு."

தேவப்பிரியம் அண்ணாச்சி இப்படிச் சொன்னதும் எழில்மொழியின் விரல் நின்றது. கல்மண்டபத்தில் இருபது வருஷமாக ஊறுகாய் விற்கும் அண்ணாச்சி, இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆன்லைனில் கடை திறக்கிறார். எந்தப் பின்கோடுக்கு அனுப்புவது, எதற்கு அனுப்பாமல் பூட்டுவது, யாரிடம் எப்படிப் பணம் வாங்குவது என்று கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுக்க வந்தவள்தான் எழில்மொழி.

"என் வூடு வியாசர்பாடியிலதான் கீது அண்ணாச்சி."

"உன்னையச் சொல்லலம்மா! நீ படிச்ச பிள்ள."

இந்த 'உன்னையச் சொல்லல'வைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. இன்றும் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, அடையாறு?"

"ஆகா! அவங்களுக்கு அனுப்புற செலவு இலவசம். பொருள் கைக்கு வந்தப்புறம் காசு குடுத்தாப் போதும். அண்ணா நகருக்கும் அப்படியே."

"திருவொற்றியூர்?"

"மொதல்ல காசு. அப்புறந்தான் பாட்டிலு."

"எண்ணூர்?"

"கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டுனா ஊறுகாய் போய்ச் சேருறதுக்குள்ள ஆர்டர் போட்டவன் பேரப் பிள்ளைக்குக் காது குத்திருவான். வேண்டாம்."

"மணலி?"

"அங்க அடிக்கிற வாடையில நம்ம ஊறுகாய் மணம் எவனுக்குத் தெரியும்? விடு."

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சவரிநாதன் தொப்பை குலுங்கச் சிரித்தார். அண்ணா நகரில் நான்கு சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர். முதல் நாள் ஆர்டர் அத்தனையும் சாயங்காலம் ஆறு மணிக்குள் கூரியர் வண்டி ஏறிவிட்டால், நான்கு கடையிலும் அண்ணாச்சியின் ஊறுகாய்க்குத் தனி அலமாரி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஏறிய சேதி வந்த பிறகுதான் போவேன் என்று சட்டமாக உட்கார்ந்தும் விட்டார். அந்த அலமாரிக்காகத்தான் அண்ணாச்சி ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"வியாசர்பாடிக்கு ரெண்டு கட்டம் கீது அண்ணாச்சி," என்றாள் எழில்மொழி. "ஒண்ணு, அங்க டெலிவரி வோணாம். இன்னொண்ணு, அங்கேர்ந்து கூரியர்க்காரன் சரக்கு எடுக்கவும் வோணாம். ரெண்டுலயும் டிக் போடவா? ஒரு தபா போட்டா நாளைக்குத்தான் மாத்த முடியும்."

அண்ணாச்சிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ரெண்டாவது... அது எதுக்கும்மா இப்ப?"

சவரிநாதன் நிமிர்ந்தார். "ஏன் யோசிக்கீரு? ஊறுகாய் உடன்குடியில உம்ம அம்மா கைப்பக்குவத்துல ஆகி, வாராவாரம் லாரியில வருதுன்னுதானவே சொன்னீரு? வியாசர்பாடியில உமக்கு என்ன சோலி?"

"சோலியா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க மொதலாளி!" அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்கருந்து நமக்கு என்னத்த எடுக்க? போடும்மா டிக்கு! ரெண்டுலயும் போடு!"

எழில்மொழி போட்டாள்.

அடுத்த நிமிடமே அண்ணாச்சி, "கடைக்கு வெளிய டவர் நல்லா கிடைக்கும்," என்று போனோடு தெருவுக்குப் போனார். தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசிவிட்டு உள்ளே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சவரிநாதனுக்கு இன்னொரு தேக்கரண்டி நெத்திலி ஊறுகாய் ருசி பார்க்கக் கொடுத்தார்.

"அடடா, என்ன கைப்பக்குவம்!" என்று கண்ணை மூடினார் சவரிநாதன். "இதெல்லாம் இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு வருமா?"

"வரவே வராது மொதலாளி. அது நம்ம ஊரு ரத்தத்துல உள்ளது."

கடை திறந்தது. ஆர்டர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நாலு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு. அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர். அண்ணாச்சி ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தார். எழில்மொழிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்தரைக்கு மேசையிலிருந்த போன் அடித்தது. 'கூரியர் ரஞ்சித்' என்று திரையில் பெயர் வந்தது.

"குடோன்லருந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொல்லத்தான் பேசுதான்," என்று அண்ணாச்சி கையை நீட்டினார்.

"ஸ்பீக்கர்ல போடும்வே. நானும் கேக்கேன். கேட்டுட்டு அலமாரி ஒப்பந்தத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்," என்று சவரிநாதன் பேனாவைத் திறந்தார்.

அண்ணாச்சி தயங்குவதற்குள் சவரிநாதனே எட்டி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"ரஞ்சித்து, எடுத்தாச்சுல்லா?" என்றார் அண்ணாச்சி அவசரமாக.

மறுமுனையில் ஒரு பெண் குரல் வெடித்தது.

"ரஞ்சித்து இல்ல அண்ணாச்சி, அவன் போன்ல நான் பூவம்மா பேசறேன்! ரகசியமா வந்து எடுத்துக்கினு போன்னு நீ சொன்னியாமே, பாவம், அவனும் ஒரு மணி நேரமா எங்க வாசல்ல நிக்கிறான். இந்த ஏரியாவுல சரக்கு எடுக்கக் கூடாதுன்னு கடைக்காரரே தடுத்துகீறாருன்னு அவன் மிஷினு சொல்லுதாம். காத்தாலேர்ந்து எட்டு பொம்பளைங்க அடுப்புல வெந்து கிளறி, பாட்டில்ல அடைச்சு, உங்க அம்மா போட்டோவையும் ஒட்டி வெச்சா, இன்னா பேஜாரு பண்ணி வெச்சிகீற நீ? உன் உடன்குடி ஊறுகா மொத்தமும் எங்க வியாசர்பாடி சந்துலயே கெடக்குது!"