இடம் மாறிய பிறகு

மாநிலப் படகு அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்குச் சுகந்தியும் அவள் தோழி ரெஜினாவும் போட்டி. நால்வர் ஓட்டும் இரண்டு படகுகளில் ஆளுக்கொன்றில் ஏறினார்கள். முதல் ஓட்டத்தில் ரெஜினாவின் படகு மயிரிழையில் முந்தியது. பயிற்சியாளர் ஆற்றின் நடுவிலேயே இரண்டு படகுகளையும் ஒட்டி நிறுத்தி, யார் ஏறினால் படகு வேகமாகப் போகிறது என்று பார்க்க அவர்கள் இருவரை மட்டும் இடம் மாற்றி உட்காரவைத்தார். மறுபடியும் ஓட்டம். இந்த முறை சுகந்தி ஏறிய படகு வெகுதூரம் முன்னால் போய் முடித்தது.

"சுகந்தி, நீதான்!" என்று மோட்டார் படகிலிருந்து கத்தினார் பயிற்சியாளர்.

சுகந்திக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பர்வீன், மூச்சு வாங்கத் திரும்பிக் கண் சிமிட்டினாள்.

"ரெஜினா இருந்தப்ப நாங்க மூணு பேரும் சும்மா தண்ணியத் தொட்டுட்டு வந்தோம். உனக்குத்தான்டி உயிரக் குடுத்து இழுத்தோம்."

சுகந்தி சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். மூன்று பேர் சும்மா இருந்தும், ரெஜினா இருந்த அந்தப் படகு முதல் ஓட்டத்தில் ஜெயித்திருக்கிறது.

பக்கத்துப் படகில் ரெஜினா துடுப்பின்மேல் கவிழ்ந்திருந்தாள். தோள்கள் இன்னும் அடங்கவில்லை. தலையைத் தூக்கி, சுகந்தியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"கரைக்கு விடுங்க!" என்றார் பயிற்சியாளர்.

மற்ற மூவரும் துடுப்பை இறக்கினார்கள். சுகந்தியின் துடுப்பு மட்டும் அந்தரத்தில் நின்றது. படகு ஒரு பக்கமாக வளைந்தது.

"இழுடி, என்ன ஆச்சு?" என்றாள் பர்வீன்.

"சார்!"

மோட்டார் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பர்வீன் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"வாய மூடு."

சுகந்தி இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.