நிழல்வேந்தனின் இடது கால்

வீரத்துக்கு விலையில்லை என்பார்கள். முகமூடி வீரன் நிழல்வேந்தனின் வீரத்துக்கு, அவனைப் படைத்த அண்ணாதுரை இருபத்தைந்து லட்சம் சொல்லியிருந்தார். பெங்களூர் கேம் கம்பெனியும் ஒத்துக்கொண்டது.

காமிக்ஸ், மேடை நாடகம், கேபிள் டிவி தொடர் என்று முப்பது வருஷம் இழுத்து வந்த வீரன். இந்த கேமும் கைவிட்டால் அவன் கதை முடிந்தது.

ஓசூர் சிப்காட் ஷெட்டில், கேமுக்காக நடையைப் பதிவு செய்யும் சென்சாரை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, கம்பெனி தந்த புது ஷூவில் சுபாஷ் நடந்தான். நிழல்வேந்தன் வேஷத்துக்கு அவன் பன்னிரண்டாவது ஆள்.

"இது அவர் இல்ல சார்," என்றாள் கம்பெனியின் தர்ஷினி. "இடது காலை இழுத்து நடப்பாரே, அதுக்குத்தான் ரசிகருங்க உயிரை விடறாங்க. அது வராம கையெழுத்துப் போட மாட்டோம்."

"ஒழுங்கா நொண்டித் தொலைடா!" என்று சுபாஷிடம் சீறினார் அண்ணாதுரை.

"காலையிலருந்து நொண்டிக்கிட்டுதான்ணா இருக்கறேன். முன்னாடி பதினோரு பேரும் எப்படிண்ணா நடந்தாங்க?"

"அவர் நொண்டறதுக்குக் காரணம் காமிக்ஸ்ல குண்டடி, சீரியல்ல சாபம். எதுதான் சார் நிஜம்?" என்றாள் தர்ஷினி.

பதில் அண்ணாதுரைக்குத் தெரியும். சொன்னால் மானம் போகும். எரிச்சலோடு வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த, பதினோரு பேரும் போட்டு நடித்த நிழல்வேந்தனின் பூட்ஸைக் கொண்டுவந்து வீசினார்.

சுபாஷ் மாட்டிக்கொண்டு நடந்தான். இடது கால் தானாக இழுத்தது.

"அவரேதான்!" தர்ஷினி எழுந்து நின்று கைதட்டினாள்.

சுபாஷ் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாதுரையின் காதருகே முனகினான். "அண்ணா, வலது ஒம்பது நம்பரு, இடது ஏழு!"

"கத்தாதடா. ஜோடி மாறினதுன்னு சந்தையில பாதி விலைக்குக் குடுத்தான்."

கையெழுத்துப் போடும்போது மனசுக்குள் கணக்குப் பார்த்தார். அன்றைக்கு மிச்சம் பிடித்தது எண்பது ரூபாய். இன்றைக்கு வரவு இருபத்தைந்து லட்சம். பாக்கி, சுபாஷோடு சேர்த்து பன்னிரண்டு இடது கால் கட்டைவிரல் நகம்.