கதவோரப் பெட்டி

"இந்த ஜன்னல் முழுசா மூடாதா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த குறையைத் தேடி அறை முழுக்கக் கண்ணை ஓட்டினான் ஜவுளி.

"மூடாது போலத்தான் இருக்கு," என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்.

ஜவுளி என்பது கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். அப்பாவுக்கு ஊரில் துணிக்கடை. மேல்படிப்புக்கு இந்த நகரத்துக்கு வந்த புதிதில், வகுப்புத் தோழன் ஒருவனின் கோட்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, துவைத்தால் வெளுத்துவிடும் என்று சொல்லிவைத்தான். கோட்டின் சாயம் போய்விட்டது. பெயரின் சாயம் போகவில்லை.

வந்ததிலிருந்து அவனுக்குப் படுக்கை, முன்பு ஒரே கல்லூரியில் படித்த சீனியர் அண்ணன் வீட்டு ஹால் சோபாதான். அண்ணி அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். புத்தகங்கள் பெட்டிக்குள், பெட்டி சோபாவுக்குப் பின்னால். படிக்க நூலகம், நூலகம் மூடினால் பஸ் நிறுத்தம். எங்கே உட்கார்ந்தாலும் யாரோ வந்து எழுப்பப் போகிறார்கள் என்றே இருந்தது. இன்று காலை அண்ணன் டீயைக் கையில் கொடுத்து, "தப்பா எடுத்துக்காதடா, நாளைக்கு மாமனார் மாமியார் வர்றாங்க," என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சோபாவைத்தான் பார்த்தார்.

அதனால் இன்றைக்குள் ஓர் அறை கிடைத்தாக வேண்டும். மாணவர்கள் குழுவில் வந்திருந்த தகவலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தான். மேல்மாடியில் அறை காலி, கதவு திறந்திருக்கும், பேச்சு நேரில்.

ஏறி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கதவோரம் பட்டை போட்டுக் கட்டிய சிவப்புப் பெட்டி. அவனுக்கு உள்ளம் குளிர்ந்தது. இங்கே வாடகை ஒப்பந்தம் முடியாமல் பாதியில் காலி செய்பவர்கள் தங்களுக்குப் பதில் ஆளைத் தாங்களே பிடித்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பெண் பெட்டியே கட்டிவிட்டாள் என்றால் அவசரம் அவளுடையது. அவசரப்படுகிறவர்களிடம் நிதானமாக வாங்குவது எப்படி என்பதை அவன் டவுசர் போட்ட வயதிலேயே கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். பெட்டியோடு போய் நிற்பவன் விலை பேச முடியாது என்றுதான் தன் பெட்டியைச் சோபாவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு வந்தான்.

"ரூம் பார்க்க வந்தேன்," என்று அவன் சொன்னதற்கு, "பாருங்க, நல்லாப் பாருங்க," என்று ஒதுங்கி வழிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தான்.

அலமாரியைத் திறந்து மூக்கைச் சுளித்தான். "ஈர வாசம் அடிக்குதே."

"நானும் கவனிச்சேன். துணி வச்சா பூசணம் பிடிச்சிடும்."

அதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து, கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஊறியிருப்பதை அவளே காட்டினாள். தண்டவாளம் எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது என்று ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள். கூரை சரிந்து இறங்கும் இடத்தை அண்ணாந்து பார்த்து, "நீங்க உயரம் வேற. தினம் காலையில ஒரு முட்டு," என்றாள். அவன் கை தானாகத் தலையைத் தடவியது.

பக்கத்தில் கடை ஏதாவது உண்டா என்று விசாரித்தான். வரும் வழியில் ஒன்றும் கண்ணில் படவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினாள்.

சேலையை விரித்துப் போட்டு, இங்கே ஓட்டை பாருங்கள் என்று காட்டும் கடைக்காரரை அவன் கண்டதே இல்லை. பாவம், விற்கத் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டான். அறையோ அவனுக்கு வந்த நிமிடமே பிடித்துப்போயிருந்தது. வெளிச்சம் விழுகிற மேசை. உள்பக்கம் தாழ்ப்பாள். சோதிப்பவன்போல ஒரு தரம் போட்டுத் திறந்தான். இங்கே வந்தபின் தன் கையால் தனக்காகப் போட்ட முதல் தாழ்ப்பாள்.

"உங்களுக்கு எப்ப வேணும்?" என்று கேட்டாள் அவள்.

"அவசரமே இல்லீங்க. இப்ப இருக்கிற இடம் அரண்மனை. சும்மா பாத்து வைப்போமேன்னு."

"அப்ப நிதானமாத் தேடுங்க. இதைவிட நல்லதாவே கிடைக்கும்." மனதாரச் சொன்னாள்.

இனி பாக்கி ஒரே ஒரு வித்தை. கடைப்படி இறங்குவது. இறங்குகிறவனைக் கைதட்டிக் கூப்பிடாத கடைக்காரர் உண்டா? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டி, படியிறங்கினான். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று காதைத் தீட்டினான். குரல் வரவில்லை. கீழ்ப்படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிறவன்போல நின்றான். திரும்ப ஏறிவிடலாமா என்று கால் அரித்தது. ஏறினால் அத்தனை பேரமும் வீண். ஏறாவிட்டால் நாளைக்குச் சோபா இல்லை.

அப்போது பஸ் டிரைவர் உடுப்பில் ஒருவர் சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார். "ரூம் பார்க்க வந்தீங்களா தம்பி? வீட்டுக்காரன் நான்தான். டூட்டி முடிய லேட்டாயிடுச்சு. பிடிச்சிருந்தா இப்பவே சாவி வாங்கிக்கலாம்."

சாவியைப் பார்த்ததும் கை நீளப் பார்த்தது. இழுத்துப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். "பாத்தேங்க. குறை நிறைய இருக்கு. யோசிக்கணும்."

"தாராளமா யோசிங்க," என்று அவர் மேலே ஏறிப் போனார்.

போகட்டும். அவள் அவரிடம் அழுவாள், அவர் இறங்கி வருவார். ஜவுளி போனை இறக்கிவிட்டுக் காதை மாடிப் பக்கம் திருப்பினான். அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"வாங்கண்ணே, நானும் ரூம் பார்க்கத்தான் வந்தேன். ஜன்னல் மூடல, அலமாரியில ஈர வாசம், இப்பதான் ஒருத்தர் பாத்துட்டு வேணாம்னு போறாரு. வாடகையைக் கொஞ்சம் கொறைச்சீங்கன்னா, பெட்டியோடதான் வந்திருக்கேன், இப்பவே தங்கிக்கறேன்."

பிறகு, கொத்திலிருந்து ஒரு சாவி கழலும் சத்தமும், அவர் வெளியே வந்த கையோடு உள்தாழ்ப்பாள் விழும் சத்தமும் கீழ்ப்படி வரைக்கும் கேட்டன.